பட்டினி போட்ட கோழி

போன வருஷம் ஐப்பசி மழை நேரம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், ஆற்றுக்கு இறங்கும் பாதைக்குப் பக்கத்தில், குறுகலான முடுக்கில் எங்கள் வீடு. புறவாசலில் நாலைந்து நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். அதில் ஒரு செவலைக் கோழி முட்டையை நிறுத்திவிட்டு, கழுத்தைக் கோணிக்கொண்டு மூலையிலேயே நின்றது. தூக்கிப் பார்த்தால், தின்ற தீனி முதலில் போய்த் தங்குமே, நெஞ்சுக்கு மேலே இரைப்பை, அது களிமண் உருண்டை மாதிரி கெட்டியாக இருந்தது.

கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, நீளமான காய்ந்த புல்லைத் தின்று உள்ளே சிக்கியிருக்கும் என்றார்.

"சாயங்காலம் எல்லாக் கோழிக்கும் இரைப்பை நிறைஞ்சுதாம்மா இருக்கும். காலைல தீனி போடுததுக்கு முன்னால தொட்டுப் பாருங்க. அப்பவும் நிறைஞ்சிருந்தாத்தான் கவலைப்படணும்."

தனியாக அடைத்து, தீனி போடாமல் தண்ணீர் மட்டும் வைக்கச் சொன்னார். சொட்டுச் சொட்டாகத் தேங்காயெண்ணெய் புகட்டி, இரைப்பையை விரலால் பைய நீவிவிட வேண்டும். தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்கவே கூடாது, மூச்சடைத்துச் செத்துவிடும் என்றார்.

அப்படியே செய்தேன். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவிலுள்ள குட்டைச் சுவரோரமாக, மூங்கில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து உள்ளே விட்டேன். மற்ற கோழிகள் தின்னும்போது இது இடுக்கு வழியாகத் தலையை நீட்டிக் கத்தும். மனசு கேட்காது, இருந்தாலும் போடவில்லை. சாயங்காலம் தொட்டபோது கட்டி இளகி, பை தளர்ந்திருந்தது. நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் தொட்டால், திரும்ப நிறைந்திருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு மணி அரிசிகூடப் போடவில்லையே, எப்படி நிறையும்? தண்ணீரைக் குடித்துத் தொலைத்ததோ என்று பார்த்தால், வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. எச்சமும் நன்றாகத்தான் போட்டிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "மண்ணக் கிண்ணத் தின்னுதோ என்னமோ" என்றார். பஞ்சாரத்தைச் சுவரோரமே இருந்த சிமெண்ட் தரைக்கு நகர்த்தினோம். அடுத்த நாள் காலையிலும் அதே கதை. என் விரல் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மற்ற கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தடவினேன். எல்லாம் வற்றிக் கிடந்தன. இது மட்டும் புடைத்திருந்தது.

டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். "பட்டினி போட்டும் வத்தலையா? அப்ப அறுத்துத்தான் எடுக்கணும். கொண்டு வாங்க" என்றார்.

கோழியைக் கூடையில் வைத்து, துணியால் மூடி, முடுக்கில் இறங்கினேன். பக்கத்து வீட்டு அக்கா அவர்கள் வாசலில் நின்றிருந்தார். எங்களுக்குள் பேச்சு நின்று ஒரு வருஷம் இருக்கும். என் கோழிகள் அவருடைய கீரைப்பாத்தியைக் கிளறிவிட்டன. "கோழிய அடைச்சுப் போட முடியாதா?" என்று அவர் கேட்க, நான் ஒன்று சொல்ல, அதோடு முகம் பார்ப்பதே இல்லை. அன்றைக்கு அவரே குறுக்கே வந்து நின்றார்.

"கோழிய எங்க கொண்டு போறிய?"

பேசாதவர் பேசியதில் திகைத்துப்போய், "அறுக்கத்தான்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "முட்டையிடுத கோழிய யாராவது அறுப்பாவளா? நான் அன்னைக்கு அடைச்சுப் போடச் சொன்னதுக்குத்தான, எம்மேல உள்ள கோவத்துல அதப் பட்டினி போடுதிய? கத்துததக் கேக்க முடியலம்மா. நீங்க எந்திக்கிறதுக்கு முன்னால, நாந்தான் ரெண்டு நாளும் பழைய சோத்த உருட்டி, சுவருக்கு மேல கைய நீட்டிப் பஞ்சாரத்து மேல்வாய் வழியா உள்ள போட்டேன்."

கூடையைத் தரையில் வைத்துவிட்டேன். எரிச்சல் வந்தது, சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை. ஒருவழியாக வைத்தியத்தை எடுத்துச் சொன்னேன்.

"அப்ப சோத்தப் போட்டு நாந்தான் அதக் கொல்லப் பாத்தேனா?" என்றார். நான் கூடையை எடுத்தேன். அவர், "இருங்க, நானும் வாரேன்" என்று வீட்டைப் பூட்டிவிட்டு வந்தார். ஆட்டோவில் கூடையை அவர்தான் மடியில் வைத்திருந்தார்.

டாக்டரம்மா தடவிப் பார்த்துவிட்டு, "கட்டி கரைஞ்சிட்டு. இது வெறும் சோறு. அறுக்க வேண்டாம், இன்னும் ஒரு நாள் தீனி போடாம இருங்க" என்றார். எங்கள் இருவரையும் பார்த்து, "இனிமே யாராவது ஒருத்தர் மட்டும் பாத்துக்கோங்க" என்றார்.

மறுநாள் காலையில் நான் பஞ்சாரத்தைத் தூக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "வத்திட்டா?"

தொட்டேன். காலிப்பை மாதிரி தட்டையாக இருந்தது. "வத்திட்டுக்கா" என்றேன்.

என் கோழியை ஆபத்தில் விட்டதும் அவர்தான், கத்திக்குப் போகும் வழியில் மறித்ததும் அவர்தான். கோபப்படவா நன்றி சொல்லவா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால், முகம் பார்க்காத நாட்களிலும் என் வீட்டுக் கோழி பசியோடு கிடக்கிறதே என்று எனக்கு முன்னால் எழுந்து தவித்திருக்கிறார் என்று நினைக்கும்போது, அந்த ஒரு வருஷமும் நான் யார் மேல் கோபமாக இருந்தேன் என்பதே எனக்குக் குழம்பிப் போகிறது.