கம்பனிக்கு என்ன நட்சத்திரம்?

புதுக் கார் வந்த அன்றைக்கே அதை ஒளித்துவிட்டேன். ஒளித்தது என்றால் கராஜுக்குள் வைத்துப் பூட்டவில்லை. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வரிசை வீடுகளுக்குக் கராஜ் ஏது? எங்கள் தெருவைத் தாண்டி, அடுத்த தெருவையும் தாண்டி, ஒரு தேவாலயத்து மதில் ஓரமாக நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரிக் கைகளைப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு நடந்து வந்தேன்.

அது என் மனைவிக்குக் கிடைத்த கார். அவளுக்கு மூட்டுவாதம். நாலு வருசமாக முழங்காலும் கணுக்காலும் நினைத்த நேரம் வீங்கும். வீங்காத நாளில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. வீங்கின நாளில் படி இறங்குவதற்கு என் தோள் வேண்டும். இப்படி நடக்க ஏலாதவர்களுக்கு அரசாங்கம் பெனிபிட் என்று ஒரு உதவிப் பணம் கொடுக்கிறது. அதை நாங்கள் கையில் எடுக்காமல் விட்டால், ஒரு கம்பனி அதை எடுத்துக்கொண்டு மூன்று வருசத்துக்குக் கார் தரும். இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் அவர்கள் பாடு. தவணை முடியக் காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் விசயம். ஆனால் எங்கட சனத்தின் வாயில் அதற்கு ஒரே பெயர்: சும்மா கார்.

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது முன்வீட்டு அண்ணையிடம். சுவிசில் கனகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வீடுகளுக்கு ஹீற்றர் பூட்டுகிற வேலை. ஒருநாள் மதிலில் சாய்ந்துகொண்டு யாரோ ஒருவரைப் பற்றிச் சொன்னார்.

"தம்பி, கலியாண வீட்டில ஆள் துள்ளித் துள்ளி ஆடுது. வெளியால வந்து பார்த்தா, வாசலில சும்மா கார். நாங்கள் முறிஞ்சு டக்ஸ் கட்டுறம், அவை புதுக் காரில போகினம்."

"ஓம் அண்ணை, அநியாயம்தான்," என்றேன் நான். அந்த நேரம் எங்கள் விண்ணப்பம் போய் இரண்டு கிழமை ஆகியிருந்தது.

நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அதனால்தானோ என்னவோ, ஒரு கடிதம் வந்தால் பத்துத் தரம் வாசிப்பேன். பதினோராவது தரம் வாசிக்கும்போது அதில் எழுதாததும் தெரியத் தொடங்கும். போனைத் திறந்தால் இந்தக் கார்களைப் பற்றிய வீடியோக்கள் வேறு. தலையிடிக்கும் கார் கொடுக்கிறார்களாம், முழங்கை சொறிந்தாலும் கார் கொடுக்கிறார்களாம். கீழே வெள்ளை, கறுப்பு, எங்கட ஆக்கள் என்று எல்லாரும் ஒன்றாக நின்று திட்டுவார்கள். இந்த நாட்டில் வேறு எதிலும் அப்படியொரு ஒற்றுமையை நான் கண்டதில்லை.

முதல் சனிக்கிழமை சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனோம். சக்கரநாற்காலிப் படம் கீறிய இடத்தில் நடக்க ஏலாதவர்களுக்குத் தருகிற நீல அட்டையை வைத்துவிட்டு நிறுத்தினோம். அன்றைக்கு அவளுக்கு வீக்கம் இல்லாத நாள். கதவைத் திறந்து சாதாரணமாக இறங்கி, சாதாரணமாக நடக்கத் தொடங்கினாள். நான் பின்னால் ஓடினேன்.

"இஞ்சரும், கொஞ்சம் நொண்டி நடவும்."

அவள் நின்றாள். "என்ன?"

"ஆக்கள் பார்க்கினம். உள்ள போகுமட்டும் நொண்டினாக் காணும்."

"எந்தக் கால்?"

"எதெண்டாலும் பரவாயில்லை. இடது."

"அப்ப வரேக்க வலதோ?" என்று கேட்டுவிட்டுக் கைவீசிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து, வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னைப் பார்த்துச் சிரித்து, நல்ல கார் என்றாள். குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்து, என் மனைவியின் வருத்தம் தொடங்கிய நாளிலிருந்து, கடைசி இரத்தப் பரிசோதனை வரைக்கும் ஒப்பித்தேன். கிழவி பொறுமையாகக் கேட்டாள். தனக்கு அந்தச் சிவப்பு நிறம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கார் நிறுத்துகிற இடத்தை மட்டும் தேவாலயத்து மதிலடியிலிருந்து மாற்ற நான் விடவில்லை. மனைவி ஒரு பள்ளிக்கூடத்து வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவள். இருந்து செய்கிற வேலைதான். ஆனால் இரண்டு பஸ் மாறிப் போக ஏலாமல், ஐந்து நாளாக இருந்ததை மூன்று நாளாகக் குறைத்திருந்தாள். அந்த ஐந்து நாளையும் திரும்ப எடுக்கத்தான் காரே. வேலைக்குப் போகும்போதும் மதிலடி வரைக்கும் நடை, வரும்போதும் அங்கே விட்டுவிட்டு நடை.

இரண்டாம் கிழமை வெள்ளிக்கிழமை வேலையால் வந்து குசினிக் கதிரையில் இருந்தவளுக்குச் சப்பாத்துக் கழலவில்லை. கால் அவ்வளவு வீங்கியிருந்தது. நான் கீழே குந்தி லேசைத் தளர்த்தினேன்.

"நடக்க ஏலாதெண்டு தந்த கார். அதில ஏறுறதுக்கு என்னைப் பத்து நிமிசம் நடக்க வைக்கிறியள்," என்றாள்.

நான் மற்றச் சப்பாத்தின் லேசுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"வெக்கமெண்டா வெக்கமெண்டு சொல்லுங்கோப்பா. திங்கக்கிழமை போன் எடுத்துக் காரைத் திருப்பிக் குடுக்கிறன். வேலையையும் விடுறன். பிறகு ஒருத்தரும் ஒண்டும் கதைக்கமாட்டினம்."

சத்தம் போட்டிருந்தால் பயந்திருக்க மாட்டேன். கடைக்குப் போக வேண்டும், பால் முடிந்துவிட்டது என்கிற குரலில் சொன்னாள். சொன்னால் செய்கிறவள்.

"ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்வே முருகனிட்டப் போய்க் கார்ப் பூசை செய்வமே," என்றேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"திருப்பிக் குடுக்கிற காருக்குப் பூசையோ?" என்றாள். ஆனால் ஞாயிறு காலை சீலை உடுத்திக்கொண்டு வந்தாள்.

கோயில் வாசலில் காரை விட்டோம். ஐயர் தட்டோடு வந்தார். நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தாயிற்று. சந்தனக் கிண்ணத்துக்குள் அவர் விரல் போனதும் நான் குறுக்கே போனேன்.

"ஐயா, கண்ணாடியில மட்டும் வையுங்கோ. பெயின்றில பட்டா, திருப்பிக் குடுக்கேக்க டமேஜ் எண்டு எழுதுவினம்."

ஐயர் என்னைப் பார்த்தார். பிறகு சந்தனத்தைக் கண்ணாடியில் வைத்தார். "ஆற்றை பேருக்கு அர்ச்சனை? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது: காரின் சொந்தக்காரர் கம்பனி. பதினொரு தரம் வாசித்தவன். முருகனுக்கு முன்னால் நின்று பொய் சொல்ல ஏலுமா?

"ஐயா... கார் கம்பனிட பேரில."

"சரி. கம்பனிக்கு என்ன நட்சத்திரம்?"

பகிடியாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் நெற்றி நிறைய விபூதியோடு முன்வீட்டு அண்ணை, பக்கத்தில் அவருடைய மனிசி.

மனைவி முன்னுக்கு வந்தாள். "ஐயா, என்ர பேருக்குச் செய்யுங்கோ. நட்சத்திரம் பரணி. எனக்கு நடக்க ஏலாதெண்டு தந்த கார்." மெல்லச் சொல்லவில்லை. செருப்புக் கழற்றிக்கொண்டு நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அட தங்கச்சி, உங்களுக்கும் சும்மா காரோ?" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை, சும்மாதான். ரெண்டு முழங்காலையும் குடுத்தாக் காணும்."

அண்ணையின் சிரிப்பு பாதியில் நின்றது. அவருடைய மனிசி அவரைப் பார்த்த பார்வைக்கு நானே ஒரு அடி பின்னால் போனேன். ஆனால் இனியும் அவளைத் தனியே நிற்க விட ஏலாது என்று தோன்றியது.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் சொல்லேக்க அநியாயம் எண்டு சொன்னனான். அப்பவே நாங்கள் அப்ளை பண்ணியாச்சு. நான் சொன்னது பொய்."

அவர் பிடரியைத் தடவினார். "விடும் தம்பி. நானும் வாய்க்கு வாறதைச் சொல்லுறனான்." பிறகு காரைச் சுற்றி ஒருக்கால் நடந்து, பின்கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "உள்ளுக்கு என்ர வேலை ஏணி போகுமோ?"

"அண்ணை, இது நடக்க ஏலாத ஆக்களுக்கு."

"தெரியும், தெரியும். சும்மா கேட்டன்."

தேங்காய் உடைத்தாயிற்று. மனைவி ஏறி இருந்து, தேசிக்காய்களை நசித்துக்கொண்டு காரை எடுத்தாள். எங்கள் பக்கம் வந்ததும் தேவாலயத்து மதிலடியில் வேகத்தைக் குறைத்தாள்.

"நேர விடும்," என்றேன். "வீட்டு வாசலுக்கு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே விட்டாள்.

ஆனால் அவள் தன் முடிவை மாற்றிக்கொண்டாள் என்று எங்கே சொன்னாள்? திங்கட்கிழமை காலை நான் கோப்பை கழுவிக்கொண்டு நிற்க, போனை எடுத்து இலக்கங்களை அழுத்தினாள். நான் தண்ணீரைப் பூட்டிவிட்டு மூச்சையும் பிடித்துக்கொண்டேன். இங்கிலிசில் காலை வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, பிறகு சொன்னாள்: இந்தக் கிழமையிலிருந்து பழையபடி ஐந்து நாளும் வர ஏலும்.

பள்ளிக்கூடத்துக்குத்தான் எடுத்திருக்கிறாள்.

"ஏனப்பா முகம் வெளுத்திருக்கு?"

"ஐஞ்சு நாளுமோ?" என்றேன். "வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த ரவுண்டபவுட்டில வாகனம் கூட. மழை வேற வருமாம். நீர் வலப்பக்கம் வடிவாப் பார்க்கிறேல்லை..."

நான் சொல்லி முடிக்க முதல் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யன்னலால் எட்டிப் பார்த்தேன். வாசலில் நின்ற காருக்கு ஒன்பது அடி நடந்து ஏறினாள். எண்ணினேன்.