மஞ்சள் புள்ளி

அன்று பட்டறையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஹாஜி ருஷ்தியாகிய நான், என் தம்பி அத்னான், டாக்சி ஓட்டும் குஸைமா. இது நடந்தது. எழுபத்தோரு வயதில் கதை கட்டிப் பெயர் வாங்கும் நிலையில் நான் இல்லை.

சர்க்கா நகரில் எங்கள் கார் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. சோதித்துத் தேறிய பாகத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்போம். என் தந்தை தொடங்கியது. அந்தப் புள்ளிதான் எங்கள் குடும்பத்தின் மானம்.

ரமலான் மாதம். மாலை 6:35. நோன்பு திறக்கும் பாங்குக்கு இன்னும் இருபத்திரண்டு நிமிடம்.

"ஹாஜி, வண்டி நின்னா கிடுகிடுன்னு ஆடுது," என்றான் குஸைமா.

"எங்க அண்ணனும் இந்த நேரத்துக்கு அப்படித்தான் ஆடுவாரு," என்றான் அத்னான்.

எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பராக இருக்கும் என்று பட்டது. அதன் கிழிசல் சும்மா பார்த்தால் தெரியாது. ஒருவர் உள்ளே அமர்ந்து, பிரேக்கை மிதித்தபடி கியரில் போட்டு ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டும். எஞ்சின் எழும்பும்போதுதான் கிழிசல் வாய் திறக்கும்.

குஸைமா கைகால் கழுவக் குழாயடிக்குப் போனான். அத்னானை உட்காரச் சொல்லிவிட்டு பானெட்டைத் தூக்கினேன். அது இருக்கையை மறைத்தது.

6:41. கதவு சாத்தும் சத்தம். எஞ்சின் ஓடியது.

"கொடு," என்றேன்.

ர்ர்ரூம்...

எஞ்சின் நான்கு விரல் எழும்பியது. ரப்பர் இரண்டாகப் பிளந்தது.

"போதும்."

ர்ர்ரூம்... ர்ர்ரூம்...

"போதும்டா!"

"நல்லாப் பாருங்க, ஹாஜி..."

தம்பியின் குரல் இல்லை.

தெரிந்த குரல்.

எஞ்சின் நின்றது.

தெருவிலிருந்து அத்னான் வந்தான், கையில் கதாயிஃப் பலகாரப் பொட்டலத்தோடு. "தீர்ந்துடும்னு ஓடிப்போய் வாங்கினேன். யார்கிட்ட அண்ணே கத்துறீங்க?"

குழாயடியிலிருந்து குஸைமா வந்தான். சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது.

இருக்கையில் யாரும் இல்லை.

மறுநாள் அந்த ரப்பரைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். மஞ்சள் புள்ளி.

"பழைய சாமான் கடையில வாங்கினது," என்றான் குஸைமா. "உங்க புள்ளி இருந்துச்சு. கண்ணை மூடிட்டு வாங்கினேன், ஹாஜி."

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். மூன்று ரமலானுக்கு முன் சாலை இறக்கத்தில் நொறுங்கி, ஓட்டி வந்த நாயிஃபைக் கொன்ற டாக்சியிலிருந்து கழற்றியதாம். பானெட்டுக்கு அப்பால் கேட்டது அவன் குரல்தான். ரப்பர் கிழிந்து, எஞ்சின் எழும்பி ஆக்சிலரேட்டர் கம்பி இறுகிக்கொண்டால் வண்டி நிற்காது. விபத்துக்கு முந்தைய மாலை, பாங்கு நேரத்தில், அந்த வண்டி என் கைக்கு வந்திருந்தது.

நாயிஃப் நோன்புக் களைப்பில் தூங்கிவிட்டான் என்று ஊர் இன்றும் சொல்கிறது. முதலில் சொன்னவன் நான்.

அவன் தூங்கவில்லை. நான் சோதிக்காமல் புள்ளி வைத்தேன்.