‘ம்’ கொட்டாத மாப்ள

அடுத்தவர் வாழ்க்கையைக் கேட்டு எழுதிப் பிழைப்பதை உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதி ஆயுள் பைக்கில் போகிறது, மீதி ‘அப்புறம் பேசலாம் தம்பி’ என்பவர்களின் வாசலில். இதே தொழிலில் விழுந்த சக பாவிகளுக்கு, போன வருஷம் ஒரே ஒரு ஆவணப்படத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஆறுதலாக இருக்கும் என்று உறுதி தர முடியாது.

வீட்டு ஓனரின் சந்தேகம்

அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுத ஒப்புக்கொண்ட சமயத்தில்தான் மதுரை கே.கே. நகரில் மாடி அறை பார்க்கப் போனேன். ஓனர் ஓய்வு பெற்ற ஆசிரியர். என்ன வேலை என்றார். எழுத்தாளன் என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்காது, அவர் இரண்டாம் முறை கேட்டார். கதையா என்றார். இல்லை சார், நடந்ததை மட்டும் எழுதுவேன், ஆனால் கதை படிக்கிற மாதிரி இருக்கும் என்றேன். இப்போது பேரையூர் பக்கம் ஒரு படம். அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்களே, அந்தப் பங்குக் கிணறுகளைப் பற்றி என்று விளக்கினேன். சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார்.

“நடந்தது அந்த ஊருக்கே தெரியும். நடக்காததை நீங்க எழுத மாட்டீங்க. அப்ப ஒங்களுக்கு அங்க என்னதான் வேலை?”

பருத்திக் காட்டில்

ராக்கம்மாள் அக்காவைப் பருத்திக் காட்டில் பார்த்தேன், களை வெட்டிக்கொண்டிருந்தார். அவர் கணவர் பங்குக் கிணற்றுக்குள் இறங்கிச் செத்துப்போனவர். குடித்துவிட்டு இறங்கினார் என்பது ஊர்ப்பேச்சு. அக்கா சொன்னது வேறு. அன்றைக்குத் தண்ணீர் முறை கணவரின் அண்ணனுடையது. மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. அண்ணன்காரர் வந்து தம்பியைக் கூப்பிட்டு, கீழே இறங்கிக் குழாய் வாயில் அடைத்த சகதியை எடுத்துவிடச் சொன்னார். அடியில் மூச்சுவிடக் காற்றில்லை. இறங்கியவர் ஏறவில்லை. பழி தன்மேல் விழும் என்று பயந்து, ‘குடிச்சிருந்தான்’ என்று அண்ணன்காரர் சொல்லிவிட்டார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. இப்போது மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வருகிறவர்கள் டீக்கடையில் விசாரித்துவிட்டு, வீட்டுக்கு வராமலே பஸ் ஏறிவிடுகிறார்கள்.

நான் கதை கேட்டு வளர்ந்தவன். எங்கள் தாத்தா சொல்லும்போது ‘ம்’ கொட்டாவிட்டால், கேட்க ஆளில்லை என்று பாதியிலேயே போர்த்திப் படுத்துவிடுவார். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. செல்போனில் பதிவைப் போட்டுவிட்டு, அக்கா சொல்லச் சொல்ல ‘ம்’ கொட்டிக்கொண்டே இருந்தேன். களைக்கொத்தைக் கீழே வைத்தவர் மறுபடி எடுக்கவேயில்லை.

“எம்புட்டோ பேருகிட்டச் சொல்லிட்டேன் தம்பி. படத்துல வரட்டும். அவுக அண்ணனும் உக்காந்து பாக்கட்டும்.”

செல்வத்தின் சாபம்

எங்கள் ஒலிப்பதிவாளர் செல்வம். பசுமலையில் எங்கள் எடிட்டிங் அறையில் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு ஹெட்போனை எறியாத குறை. அக்காவின் ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் என் ‘ம்’ ஏறி உட்கார்ந்திருந்தது. ஒருத்தர் பேச்சின் மேல் விழுந்த இன்னொரு குரலைப் பிரித்தெடுப்பது அவருக்குத்தான் தலைவேதனை. படப்பிடிப்பில் தலையை மட்டும் ஆட்டு, வாயைத் திறந்தால் பிளாஸ்திரி ஒட்டிவிடுவேன் என்றார்.

“மாப்ள, நீ பேசுனா பக்கத்துல இருக்கவனுக்கே கேக்காது. இந்த ‘ம்’ மட்டும் எப்புடிடா எட்டூருக்குக் கேக்குது? இனி ‘ம்’ கொட்டாத மாப்ள!”

நாலு வார்த்தை

படப்பிடிப்பு அன்றைக்கு அக்கா நல்ல சேலை கட்டி வந்திருந்தார். கேமரா ஓடியது. நான் வாயை இறுக மூடிக்கொண்டு தலையாட்டினேன். “அன்னைக்கு அவுக அண்ணன் வந்தாரு” என்றார். நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். “கூப்புட்டாரு. இவுக போனாக. அம்புட்டுத்தேன்.” திரும்பக் கேட்டோம். திரும்பவும் அம்புட்டுத்தான். இயக்குநர் வெயில் போகிறது என்று முணுமுணுத்தார். இந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு எந்த டீக்கடையின் வாயை அடைப்பது?

“விடு, பின்னணிக் குரலா நீயே உருக்கமா எழுதிரு” என்றார் இயக்குநர். எழுதலாம். மதுரையிலிருந்து வந்த எவனோ எழுதிக் கொடுத்தது என்று ஊர் ஒரே வரியில் தள்ளிவிடும். அக்கா வாயால் வர வேண்டும். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அன்னைக்கு நல்லாக் கேட்ட. இன்னைக்கிச் செவிடன் மாதிரி உக்காந்திருக்க. ஏந்தம்பி, நீயும் டீக்கடையில விசாரிச்சுட்டியா?”

இருக்கட்டும்

‘ம்’ கொட்டத்தான் போகிறேன் என்று செல்வத்திடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முதல் ‘ம்’முக்கு அக்கா நிமிர்ந்தார். மூன்றாவதற்கு மடை திறந்துகொண்டது. வாசலில் அண்ணன்காரர் கூப்பிட்டது, சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டுக் கணவர் எழுந்தது, இறங்கும்முன் சட்டையைக் கழற்றி அக்கா கையில் கொடுத்தது. அதை இவர் இன்னும் வைத்திருக்கிறாராம். வேர்வையைத் தவிர அதில் வேறு எந்த வாடையும் அன்றைக்கு இல்லை என்றார்.

எடிட்டிங்கில் கேட்டபோது, அந்தச் சட்டை வருகிற இடத்தில் ஒரு ‘ம்’ என்னுடையதாக இல்லை. கரகரப்பான குரல். திரும்பிச் செல்வத்தைப் பார்த்தேன். அன்றைக்கு மைக் கம்பைப் பிடித்து நின்றவர் அவர்தான்.

“வாயில வந்துருச்சு மாப்ள. வெட்டாத, இருக்கட்டும்.”

முன்வரிசை

ஊர்ச் சாவடி முன்னால் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டோம். அண்ணன்காரர் வந்தார். முன்வரிசையில் நாற்காலி போட்டுக் கொடுத்தோம். என்னால் உட்கார முடியவில்லை. புரொஜெக்டருக்கும் பைக்குக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தேன். சட்டையைப் பற்றி அக்கா சொன்ன இடத்தில் பின்னாலிருந்த சலசலப்பு நின்றது. படம் முடிந்தும் யாரும் எழவில்லை. அண்ணன்காரர்தான் முதலில் எழுந்தார். அடிதடி என்று நினைத்துச் செல்வம் வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். அக்கா மகளின் கையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அண்ணன்காரர் நேரே என்னிடம் வந்தார், ஆனால் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசினார்.

“ஆமா, எந்தம்பி குடிக்கல. நாந்தேன் எறக்கிவிட்டேன். அவகிட்ட அம்புட்டு நேரம் கேட்டியே, என்னைய வந்து ஒரு வார்த்தை கேட்டியாடா?”

படத்தின் கடைசியில் ‘முற்றும்’ என்று போடுகிற உரிமை நமக்கு உண்டு, அது நிஜமாகவே முற்றிவிட்டதா என்று சொல்கிற உரிமை மட்டும் நாற்காலி போட்டு நாமே உட்கார வைத்தவர்களிடம் இருக்கிறது.