இல்லாத பாதை

பள்ளிக்கூட நாட்களில் கூட்டாளிகளோடு ஒரு மலை ஏறினேன். எந்த மலை என்பது மறந்துவிட்டது. வழியில் ஆபத்து வரக்கூடாதென்று, அடிவாரப் பாறையொன்றில் ஆளுக்கொரு பச்சைக் கொப்பை ஒடித்து வைத்துக் கும்பிட்டது மட்டும் ஞாபகம். போன மாதம் அந்த மலையைத் தேடி நமுனுகுலப் பக்கம் போனேன்.

தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் தோட்டத்துக் காவல்காரர் மறித்தார். மெலிந்த ஆள், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. என் சப்பாத்தில் ஒட்டியிருந்த மண்ணையே பார்த்தார்.

"அண்ணே, மேல ஏற பாதை இருக்குங்களா? சின்ன வயசுல வந்திருக்கேன்."

"பாதையெல்லாம் இல்லைங்க. புதையல் தோண்ட வந்தவனுங்களும் இதையேதான் சொன்னானுங்க."

"என்கிட்ட தண்ணிப் போத்தல்தானே இருக்கு?"

"அவனுங்களும் மொதல்ல வெறுங்கையோடதாங்க வந்தானுங்க."

திரும்பி நடந்தேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. வளைவில் தேயிலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். நான் போய்விட்டேன் என்று நினைத்திருப்பார். ஒரு பச்சைக் கொப்பை ஒடித்தார். பக்கத்துப் பாறையில் வைத்துக் கும்பிட்டார். பிறகு, இல்லாத அந்தப் பாதையில் விறுவிறுவென்று ஏறிப் போனார்.

என் மலை கிடைத்துவிட்டது. அவர் எதற்குப் போனார் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. அவரும் வெறுங்கையோடுதான் போனார்.