காலி வரியில் நின்றுபோன புரோகிராம்

பிரிண்டர் மூடியைத் திறந்தால் ரிப்பன் மை வாசனையோடு நிலக்கரித் தூளும் மூக்கில் ஏறும்...

மந்தாரக்குப்பத்தில் என் முதல் ஆபீஸ் அது. சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் ஒரு சின்ன கான்ட்ராக்டர். மூன்று ஷிப்ட்டுக்கும் கேட் பாஸ் அடித்துத் தருவது எங்கள் வேலை.

பெயர்களை டைப் செய்வது வசந்தா அக்கா; பாஸ் அடிக்கும் புரோகிராமைப் பார்த்துக்கொள்வது நான். ஷிப்ட்டுக்கு ஒரு ஃபைல். அந்த வாரம்தான் மூன்றையும் ஒரே ஃபைலாக்கச் சொன்னார்கள். ஊரே ஷிப்ட் பார்த்துத்தான் சாப்பிடும், தூங்கும்... ஷிப்ட்டைக் கலக்க அக்காவுக்கு மனசு வரவில்லை. ஒன்று முடிந்ததும் ஒரு வரியைக் காலியாக விட்டு அடுத்ததைத் தொடங்கினார்.

மறுநாள் காலை ஷிப்ட்டுக்கு மட்டும்தான் பாஸ் வந்தது. மதிய ஷிப்ட் ஆட்கள் கேட்டிலேயே நின்றார்கள். சூப்பர்வைசருக்கு வந்ததே கோபம்! மற்ற இரண்டு ஷிப்ட் பெயர்களை டைப் அடிக்காமல் விட்டதாகச் சொல்லி, அக்காவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"எல்லார் பேரையும் அடிச்சிட்டுதாங்க வூட்டுக்குப் போனேன்."

சொல்லும்போதே அக்காவுக்குக் கண் நிறைந்தது.

ஃபைலைத் திறந்தேன். எல்லாப் பெயரும் இருந்தது. எனக்கு முன்னால் இருந்த புண்ணியவான் எழுதிய புரோகிராம், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்பில், வரி வரியாகப் படிக்கும்; காலி வரி வந்தால் break. லூப்பை விட்டே வெளியே வந்துவிடும்.

அதை எடுத்துவிட்டு continue போட்டேன். இந்த வரியை விடு, அடுத்ததைப் பார்... அவ்வளவுதான். ஃபைல் தீர்ந்தால் லூப் தானாக முடியும்.

சூப்பர்வைசருக்கு நம்பிக்கை வரவில்லை.

"காடாம்புலியூர் ஸ்டாப்புல ஆள் இல்லன்னா பண்ருட்டி பஸ்ஸு நிக்காம போவும். அதுக்காக டிப்போவுக்கே திரும்பிப் போயிடுமாங்க?" என்றேன்.

புரோகிராமை மறுபடி ஓட்டியதும், காலை ஷிப்ட்டைத் தாண்டிப் பிரிண்டர் மதிய ஷிப்ட்டையும் அடிக்க ஆரம்பித்தது. "நாளைக்கு வழக்கம்போல வந்துடும்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு சூப்பர்வைசர் வெளியே போனார். மன்னிப்புக் கேட்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இப்போது சென்னையில் இருக்கிறேன். டீமில் யார் லூப்பில் break போட்டாலும், நிஜமாகவே வேலை முடிந்ததா, இந்த வரி மட்டும் வேண்டாமா என்று கேட்பேன். பசங்க சலித்துக்கொள்வார்கள். கேட்பதை நான் விடுவதாக இல்லை.

இன்றைய ஃபைல்கள் எங்கிருந்தோ தானாக வருகின்றன. ஒரு வரி விடுபட்டால் யார் வேலையும் போகாது. நல்லதுதான்...

ஆனால் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்க எதிரே யாரும் இல்லை.