இடக்கையால் தந்த பந்து

எண்பதுகளில் நான் காசுக்குப் பந்து வீசியவன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாய் வந்த என்னை வடக்கு லண்டன் கிரிக்கெட் கழகமொன்று வேகப்பந்துக்காகவே சேர்த்துக்கொண்டது. வார நாளில் பெற்றோல் ஷெட்டில் வேலை, சனிக்கிழமை மைதானம். தோள் நொந்தபோது, ஊசி போட்டுக்கொண்டு விளையாடு என்றார் அணித்தலைவர். இடம் போய்விடுமே என்ற பயத்தில் தலையாட்டினேன், மடையன். அந்தக் கோடையோடு என் வலக்கை தோளுக்கு மேல் எழும்புவதை விட்டுவிட்டது. கோயிலில் தலைக்கு மேல் கைகூப்பக்கூட முடியாது.

தொண்ணூறுகளில் ஒரு கல்லூரியில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. விளையாட்டுப் பகுதித் தலைவர் வெள்ளைக்காரர். வெற்றியைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாம் வருடம் இறுதிப் போட்டிக்கு வந்தோம். தோற்றால் உனக்கு வேலை இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

எங்கள் முதல் பந்துவீச்சாளன் லண்டன் எட்மண்டனிலிருந்து வந்த தமிழ்ப் பெடியன். போட்டியன்று காலை அவனிடம் பந்தைக் கேட்டேன். இடக்கையால் நீட்டினான். ஒரு தண்ணீர்ப் போத்தலைக்கூட எனக்கு அப்படித் தராதவன். பெரியவர்களுக்கு இடக்கையால் கொடுத்தால் எங்கள் வீடுகளில் ஏச்சு விழும்.

"தோள் நோகுதோ?"

"இல்லை அண்ணை. போட ஏலும்."

"எனக்குக் காது குத்தாதை. கையைத் தூக்கு பாப்பம்."

காதுவரை வந்த வலக்கை அங்கேயே நின்றது. முகம் சுருங்கியது.

"இண்டைக்கு மட்டும் அண்ணை. நான் போடாட்டி உங்கட வேலை போயிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்காகவா இந்தப் பிள்ளை தன் கையைக் கொடுக்க வேண்டும்?

பட்டியலில் அவன் பெயரை வெட்டினேன். பகுதித் தலைவர் முகம் சிவக்க ஓடிவந்து, வலி மாத்திரை கொடுத்து இறக்கு என்றார். மாட்டேன் என்றேன். அந்தக் கை உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை என்றேன். தோற்றோம், படுதோல்வி. திங்கட்கிழமை வேலைநீக்கக் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்கே போனேன். நாளைக்கும் இதே நிலை வந்தால் இதே பெயரைத்தான் வெட்டுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த கோடையில் வெஸ்ட் ஈலிங் கோயில் தேருக்குப் போனேன். தேர் அசைந்தபோது சனத்துக்குள் அவனைக் கண்டேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டிக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். என் வலக்கை நெஞ்சோடு நின்றது. அழுதேன். வெட்கப்படவில்லை.