மோட்டார் திருடனும் முகப்பவுடரும்

“திருடனப் புடிக்காமலே முடியுற போலீஸ் கதையா? யாரும்மா இத நம்புவாங்க?” என்று சென்னையில் ஒரு டிவி தொடர் தயாரிப்பாளர் என்னிடம் கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். திருப்பதியில் பட்டமும் வாங்கியவள். நான் எழுதியிருந்தது ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில், எங்கள் வீட்டிலேயே நடந்தது.

அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். போலீஸ் தொடர் ஒன்றையும் விடமாட்டேன். ஒருநாள் காலையில் எங்கள் விசைத்தறியின் மோட்டாரைக் காணோம். கூலிக்கு நெய்கிற வீடு. தறி நின்றால் முதலாளி பாவு நூலை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார். நைனா, அதாவது என் அப்பா, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். துடைப்பத்தோடு வந்த அம்மாவை நான் மறித்தேன்.

“பெருக்காதம்மா! ரேகை அழிஞ்சிடும்.”

“இன்னா ரேகைடி? நவுரு அந்தாண்ட.”

அம்மா அடுப்படிக்குப் போனதும் முகப்பவுடர் டப்பாவை எடுத்து வந்து, தொடரில் செய்கிற மாதிரியே மோட்டார் இருந்த இடத்தில் தூவினேன். ரேகை ஒன்றும் தெரியவில்லை. தறியில் இருந்த சிவப்புப் பாவுதான் வெளுத்தது. முதுகில் இரண்டு அடி விழுந்தது.

ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். கழற்றிய போல்ட்டுகள் எல்லாம் நட்டு மாட்டி, தறிக்கட்டை மேல் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

மதியம் ஒரு ஏட்டு வந்தார். டீ குடித்துவிட்டுத் தறிமேலேயே கையை ஊன்றினார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. பக்கத்துத் தறி வீட்டு மாமாவும் நின்றார்.

“சார், செய்யி பெட்டொத்து!” கை வைக்காதீர்கள் என்று தெலுங்கில் கத்தினேன்.

“டிவி எக்குவ சூஸ்தாவா பாப்பா?” டிவி நிறையப் பார்ப்பாயா என்று ஏட்டு சிரித்தார். பிறகு, யார் மேல் சந்தேகம் என்று நைனாவைக் கேட்டார்.

“யார் மேலயும் இல்ல சார்.”

நான் விடவில்லை. “தறி ஓட்டுற ஆளுதான் சார் எடுத்திருக்கணும். வேற ஆளா இருந்தா போல்ட்ட இவ்ளோ பத்திரமா வச்சிட்டுப் போவானா?”

ஏட்டின் சிரிப்பு நின்றது. நைனா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். “சின்னப் புள்ள சார். டிவி பாத்துக்கினு ஒளறுது.”

ஏட்டு நைனாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். நாளைக்கு வந்து வீடு வீடாகத் தேடப்போவதாகத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் விடிந்தபோது, கோணியில் சுற்றிய மோட்டார் எங்கள் வாசலில் இருந்தது. கோணியைத் தொடாதீர்கள், ஏட்டைக் கூப்பிடுங்கள் என்று நான் குதித்தேன். நைனா அதைக் காதில் வாங்காமல் பக்கத்து வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்: “மச்சான், வந்து கொஞ்சம் மாட்டிக் குடு.”

மாமாவின் மோட்டார் எரிந்துபோய் அவர் தறி ஒரு மாதமாக நின்று கிடந்தது. வந்தவர் தலை நிமிரவில்லை. அம்மா அவருக்கும் சேர்த்து டீ போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். திருடனைப் பிடிக்கத் துப்பில்லாத போலீஸ் என்று அவரிடமே குறைபட்டுக்கொண்டேன்.

கடைசியில் விலங்கு மாட்டுகிற மாதிரி ஒரு காட்சி எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகத் தயாரிப்பாளர் சொன்னார். அப்படி முடிகிற கதையை நானே நம்பமாட்டேன். ஒரு காட்சியையும் மாற்றாமல் தெலுங்கில் எழுதி, நேற்று ஐதராபாத்தில் ஒரு தொடர் தயாரிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன்.